ஏருக்கு வந்த இருக்கை

நம் பக்கத்துப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது சொல்லும் வாழ்த்து ஒன்று உண்டு. "நல்லாப் படி, நிழல்ல உக்காந்து வேலை பார்க்கலாம்" என்பதே அது. இந்த வாழ்த்தில் நிழல், உட்காருதல் என்னும் இரண்டு சொற்கள் எண்ணிப் பார்க்கத் தக்கவை. நிழல் இல்லாத வேலை துன்பமானது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உட்கார முடியாத வேலையும் துன்பமானது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. உழவன் நடக்கிறான், நடவு நடுகிறவள் குனிகிறாள், கரும்பு வெட்டுகிறவர் நாள் முழுதும் நிமிர்வதே இல்லை. கழனியில் உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் "சோம்பேறி" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். அந்தக் கழனிக்குள்ளேயே ஓர் இருக்கை வந்து சேர்ந்த கதையைத்தான் இக்கட்டுரையில் சொல்ல முனைகிறேன்.

தியாகதுருகத்தின் மலைக்கோட்டையை நம் மாணவர்கள் அறிவர். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அந்தக் கோட்டைக்காக முட்டி மோதிக்கொண்டனர். வரலாற்று நூல்கள் கோட்டையைப் பற்றிப் பேசுகின்றன. கோட்டைக்குக் கீழே நெல்லும் கரும்பும் உளுந்தும் விளைத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அந்த எழுதப்படாதவர்களின் வழியில் வந்தது எங்கள் குடும்பம். எங்களுக்கு இருப்பது ஓர் ஏக்கர் எண்பது சென்ட். இது ஏதோ தனிப்பட்ட ஏழ்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015-16-ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய 1.85 ஏக்கர். ஆகவே எங்கள் நிலத்தின் கதை தமிழ்நாட்டுச் சராசரியின் கதை எனலாம்.

இந்த நிலத்தை என் தந்தையார் முப்பது ஆண்டுகள் மாடு கட்டி உழுதவர். மூட்டுத் தேய்மானம் அவரை வரப்பில் நிறுத்திவிட்டது. "இனிமேல் உழவு ஓட்டக் கூடாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குப் பின் மாடுகளைச் சந்தையில் விற்றோம். விற்ற அன்று தந்தையார் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பிறகு எங்கள் தெருவிலேயே கடைசி ஜோடி மாடு வைத்திருக்கும் சின்னையா ஒருவரைக் கூலிக்கு அழைத்து உழுதோம். அவரும் வயதானவர். ஒருவரே தெரு முழுவதற்கும் உழ வேண்டியிருந்ததால், மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாளில் அவர் முறை எங்களுக்குக் கிட்டாது. முறை கிட்டும் நாளில் பதம் போய்விட்டிருக்கும்.

டிராக்டர் இல்லையா என்று கேட்கலாம். டிராக்டர் இருக்கிறது. ஆனால் எங்கள் நிலத்துக்குப் போகப் பாதை இல்லை. இருபுறமும் பிறர் கழனி. நடுவே மாடு போகும் அகலத்தில் ஒரு தடம். பக்கத்துக் கழனிகளில் பயிர் இல்லாத நாளில்தான் டிராக்டர் உள்ளே வர முடியும். வந்தாலும் நிலத்தின் ஓரங்களில் திரும்புவதற்கே நேரம் போய்விடும். வாடகையோ மணிக்கணக்கில் ஓடும். சிறு நிலத்துக்காரன் எப்போதும் கடைசி ஆள்.

இந்தச் சமயத்தில்தான் நிலத் தரகர் ஒருவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலைப் பக்கம் வண்ணம் பூசிய மனைக்கற்கள் முளைத்து நிற்பதை நாம் பேருந்திலிருந்தே பார்க்கிறோம். "உழ ஆளில்லாத நிலத்தை வைச்சு என்னண்ணே பண்ணப்போறீங்க?" என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் விடை இல்லை. தந்தையார் மூன்றாம் முறை அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னபோது, அம்மா கொடுக்கவில்லை. "டில்லர் வாங்கலாம்" என்றார். அதுவே அந்தக் கேள்விக்கு வந்த முதல் விடை.

பவர் டில்லர் என்பது எது என்று நகரத்து நண்பர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். முன்னே ஓர் ஒற்றை உருளை டீசல் எஞ்சின். நடுவே இரண்டு சக்கரம். பின்னே வளைந்த கத்திகள் செருகிய ஒரு சுழல் தண்டு. அதற்கும் பின்னே இரண்டு நீண்ட கைப்பிடி. கத்திகள் சுழன்று மண்ணைக் கொத்திப் புரட்டும். ஓட்டுபவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார். பின்புறம் ஒரு சிறு சக்கரமும் அதன்மேல் ஓர் இருக்கையும் மாட்டிக்கொண்டால் உட்கார்ந்தும் ஓட்டலாம்.

இக்கருவியின் பிறப்பு வரலாறு சுவையானது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கில்காண்ட்ரா என்னும் ஊரில், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912-ஆம் ஆண்டில், தந்தையின் பண்ணையில், சுழலும் கத்தியால் மண்ணைக் கிளற முடியுமா என்று சோதித்துப் பார்த்தார். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்துக்காரரான கொன்ராட் ஃபொன் மையன்பர்க் என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே எண்ணத்தில் உழைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் சிறு சிறு நெல் வயல்களில்தான் நடந்து ஓட்டும் இக்கருவி பெருவாரியாகப் பரவிற்று. அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்தது. 1967-இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மித்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து டில்லர் தயாரிக்கத் தொடங்கியது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973-இல் பிறந்தது. ஆக, பெரிய நிலத்துக்காகப் பிறந்த டிராக்டரைச் சுருக்கிச் செய்த பொம்மையல்ல டில்லர். சிறு நிலத்துக்கென்றே வளர்க்கப்பட்ட தனிப் பிள்ளை.

இங்கே மற்றொரு கருவியும் நினைவுக்கு வருகிறது. மேலை நாடுகளில் வீட்டு முற்றத்துப் புல்வெளியைச் சீராக வெட்டுவதற்கு உட்கார்ந்து ஓட்டும் எந்திரம் உண்டு. புல் வெட்டும் எந்திரத்தை முதன்முதலில் 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில் உருவாக்கியவர் எட்வின் பட்டிங் என்பவர். துணி ஆலையில் துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் எந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை பிறந்ததாம். 1902-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அந்நாடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து தம் புல்வெளியைச் சுற்றி வருவது சாதாரணக் காட்சி. அங்கே ஏறக்குறைய டில்லர் அளவுள்ள எஞ்சின் அழகுக்காக ஓடுகிறது; இங்கே சோற்றுக்காக ஓடுகிறது. அவர்கள் குறை சொல்லத் தக்கவர் என்பது என் கருத்தன்று. புல்லை வெட்டக்கூட ஓர் இருக்கை வேண்டும் என்று நினைத்த மனிதகுலம், நெல்லை விளைவிப்பவருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று நினைக்க ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதே என் வியப்பு.

நிற்க. வாங்கிய கதைக்கு வருவோம்.

புதிய டில்லருக்கு அரசு மானியம் உண்டு. 2014-15 முதல் நடந்துவரும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும், ஓர் உச்சவரம்புக்குள், விலையில் பாதி வரை மானியம் கிடைக்கும். ஆனால் மானியம் போக எங்கள் பங்கே ஒரு லட்சத்தைத் தொட்டது. எங்களிடம் இருந்தது பால் ஊற்றிச் சேர்த்த பதினெட்டாயிரம் ரூபாயும், அம்மாவின் இரண்டு சவரன் சங்கிலியும். சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தால் ஐம்பதாயிரம். ஆகவே பழைய வண்டி என்று முடிவாயிற்று. 2023-ஆம் ஆண்டு சித்திரை மாதம். நான் மேல்நிலைத் தேர்வு எழுதி முடித்து வீட்டில் இருந்தேன்.

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு சிற்றூரில் டிராக்டர் வாங்கிவிட்ட ஒருவர் தம் டில்லரை விற்பதாகச் செய்தி வந்தது. பேருந்து நிலையத்தருகே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நானும் அம்மாவும் தந்தையாரும் போனோம். அந்த அண்ணன் வண்டியைச் சோதித்த முறை ஒரு வகுப்பறைப் பாடத்துக்கு ஒப்பானது.

முதலில் அவர் வண்டியை ஓட்டச் சொல்லவில்லை. எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சில்லுனு இருக்கா? அப்ப சரி. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வைச்சிருந்தா, காலையில ஸ்டார்ட் ஆகாத வண்டின்னு அர்த்தம்" என்றார். பிறகு ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தார். பெல்ட்டை மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். ரோட்டரிக் கத்திகளை ஒவ்வொன்றாக எண்ணி, தேய்ந்தவற்றைச் சுண்ணாம்பால் குறித்தார். பதினெட்டில் ஏழு தேய்ந்திருந்தன. அதன் பிறகே ஹேண்டிலை எடுத்தார். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி விரலைப் பறிக்காமல் நழுவிப் போகும் என்று எனக்குக் காட்டினார். மூன்றாம் சுற்றில் வண்டி உயிர் பெற்றது.

அடுத்தது புகை. கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் உள்ளே தண்ணீர் கசியலாம். இந்த வண்டியின் புகை முதலில் கறுத்து, பிறகு தெளிந்துவிட்டது. அரைமணி நேரம் அவர்கள் கழனியிலேயே ஓட்டிய பின் கியர்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று மண்ணில் படுத்துப் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "வண்டி கெழவன்தான். ஆனா நல்ல சாப்பாடு சாப்பிட்ட கெழவன்" என்றார். எண்பதாயிரத்தில் தொடங்கிய பேரம் அறுபத்தெட்டாயிரத்தில் முடிந்தது.

பணத்தை எண்ணிக் கொடுத்தபின் அம்மா, "சீட்டு எங்கே?" என்று கேட்டார். விற்றவருக்கு வியப்பு. மாட்டுக் கொட்டகையின் மூலையில் பின்சக்கரத்தோடு கூடிய இருக்கை கிடந்தது. அதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "இதை நாங்க மாட்டுனதே இல்லம்மா. ஆம்பள ஏரு ஓட்டறதுக்கு எதுக்குச் சீட்டு?" என்றார் அவர். கோழி எழுந்திருக்க மறுத்தது. ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளோடு அதை இடம் மாற்றிய பின்தான் இருக்கை எங்களுக்குக் கிடைத்தது. குட்டியானை வண்டியில் டில்லரை ஏற்றிக் கயிறு கட்டி, இருக்கையை அம்மா மடியில் வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர்ந்தோம்.

நான்காம் நாள் ஒரு கோடை மழை பெய்தது. மறுநாள் தந்தையார் நிலத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்தார். உருண்டை பிடித்தது, விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. "பதம்" என்றார். ஒட்டிக்கொண்டால் ஈரம் மிகுதி. உருண்டையே பிடிக்காவிட்டால் காய்ந்துவிட்டது. எந்திரம் மாறலாம், இந்தப் பிடி மண் சோதனை மாறவில்லை.

மெக்கானிக் அண்ணன் இரண்டு சுற்று நடந்து ஓட்டிக் காட்டினார். திருப்பும் வித்தை எளியது. இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு ஸ்டியரிங் கிளட்ச் இருக்கிறது. இடப்பக்கத்தை அழுத்தினால் இடச்சக்கரத்துக்குப் போகும் விசை நிற்கும். வலச்சக்கரம் சுற்ற, வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் எங்கள் நிலம் ஓடைப் பக்கமாகச் சரிந்தது. அந்தச் சரிவில் இறங்கும்போது அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் எல்லாரையும் அருகே அழைத்தார். "இங்கதான் ஆள் மாட்டறது. எறக்கத்துல எஞ்சின்தான் வண்டியைப் புடிச்சு நிறுத்திக்கிட்டு வருது. அப்ப லெஃப்ட்டை அழுத்துனீங்கன்னா லெஃப்ட்டு வீல் கட்டு விட்டுப்போயி வேகமா ஓடும். வண்டி ரைட்டுல திரும்பும்" என்றார். சமதளத்தில் வலது வலதாகவும், இறக்கத்தில் வலது இடதாகவும் ஆகிவிடும் கருவி இது! இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்ப வேண்டும். கூடுமானால் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். கத்தி சுழலும்போது பின்னோக்கி எடுக்கவே கூடாது. கத்தி ஏறிவருவது நம் காலை நோக்கித்தான். கத்தித் தண்டில் புல் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டே கையை வைக்க வேண்டும். டில்லர் வைத்திருக்கும் எல்லா நண்பர்களும் இந்த மூன்றையும் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

பிறகு இருக்கையை மாட்டினோம். முதலில் உட்கார வேண்டியவர் தந்தையார். மாட்டேன் என்றார். "உக்காந்துக்கிட்டு உழுதா அது நிலத்துக்கு மரியாதையா?" என்பது அவர் வாதம். முப்பது ஆண்டுகள் செருப்பில்லாமல் நிலத்தில் நடந்தவர் அவர். அந்த வாதத்துக்கு எதிர்வாதம் செய்ய எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

அம்மா சேலையை இறுக்கிச் சொருகிக்கொண்டார். அதன்மேல் தந்தையாரின் பழைய சட்டையைப் போட்டுப் பொத்தானிட்டார். நடவுக்குப் போகும் பெண்கள் அப்படித்தான் உடுத்துவார்கள். இங்கோ சுழலும் எந்திரத்தில் முந்தானை சிக்காமல் இருக்க அதுவே பாதுகாப்பாயிற்று. ஏறி உட்கார்ந்தார். வரப்பில் நின்றிருந்த பெரியம்மா ஒருவர் பதறிப்போய், "அடியே, பொம்பள ஏரு தொடலாமாடி?" என்றார். பெண் ஏர் பிடிக்கக் கூடாது என்பது நெடுங்காலத்து வழக்கமல்லவா? நாற்றுப் பறிக்கலாம், நடலாம், களை பறிக்கலாம், அறுக்கலாம். குனிந்து செய்யும் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. நிமிர்ந்து செய்யும் ஒன்றுக்கு மட்டும் தடை. அம்மா திரும்பிப் பார்க்காமல், "ஏரு எங்க இருக்குதுக்கா? இது டில்லரு" என்று சொல்லிக் கிளட்சை விட்டார். வரப்பில் எழுந்த சிரிப்பில் வழக்கம் போன திசை தெரியவில்லை.

அன்று அம்மா உழுதது முப்பது சென்ட் இருக்கும். கோடு நேராக வரவில்லை. வளைந்து நெளிந்து போயிற்று. ஆனால் இறங்கியதும் அவர் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. "இந்த நெலத்துல இருவது வருஷமா வேலை செய்யறேன். இதோட முழு அகலத்தையும் இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றார். குனிந்தே வேலை செய்பவருக்குக் கண்ணில் படுவது காலடியில் உள்ள ஒரு முழ நிலம்தானே!

அதற்குப் பின் தந்தையார் ஒன்றும் பேசாமல் வந்து இருக்கையில் உட்கார்ந்தார். அவர் ஓட்டிய கோடு நூல் பிடித்தாற்போல் இருந்தது.

நான் வீட்டுக்கு வந்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நாட்டுக்கலப்பையில் ஒரு சாலின் அகலம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை ஒருமுறை உழ 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எங்கள் நிலம் முழுவதற்கும் 36 கிலோமீட்டர். விதைப்புக்கு முன் மூன்று உழவு என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல். டில்லரின் கத்தி அகலம் 60 சென்டிமீட்டர். ஆகவே ஏக்கருக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். நடந்து ஓட்டினாலும் நடை மூன்றில் ஒன்றாகிறது. உட்கார்ந்து ஓட்டினால் அதுவும் இல்லை. தேய்ந்த மூட்டுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்பதை மருத்துவச் சீட்டு வைத்திருப்பவரே அறிவார். எங்களுக்கு ஏக்கருக்கு நான்கரை மணி நேரமும் ஆறு லிட்டர் டீசலும் ஆயின.

நன்மையை மட்டும் எழுதினால் இது விளம்பரத் துண்டு ஆகிவிடும். குறைகளையும் சொல்கிறேன். ஒற்றை உருளை எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியே தோள் வரை ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப் போகின்றன. கைப்பிடியில் தடித்த ரப்பர் உறை போட்டு, முக்கால் மணிக்கு ஒருமுறை இறங்கி ஓய்வெடுப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. அதிர்வினால் மரையாணிகள் தளரும். ஒவ்வொரு நாளும் முடுக்க வேண்டும். சேற்று உழவில் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினோம். ஆழச் சேற்றில் இருக்கை உதவவில்லை, கழற்றிவிட்டு நடந்துதான் ஓட்டினோம். கோரையும் அருகும் மண்டிய இடத்தில் கத்தி அவற்றை அழிக்கவில்லை. துண்டு துண்டாக்கிப் பரப்பிவிட்டது. ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாயிற்று. அவ்விடங்களில் முதலில் கையால் தோண்டி எடுத்து உலர்த்திய பின்பே டில்லர் விட வேண்டும். மேலும் ரோட்டரி கிளறுவது ஐந்தாறு அங்குல ஆழம்தான். ஆண்டுக்கணக்கில் அதையே செய்தால் அதன் அடியில் மண் இறுகித் தட்டாகிவிடும். மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் உளிக்கலப்பையால் ஆழ உழ வேண்டும் என்பது வேளாண் வல்லுநர்களின் அறிவுரை. அதற்கு நாங்களும் டிராக்டரைத்தான் நாட வேண்டும். பக்கத்துக் கழனிக்காரரின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் கனமான கணக்கு ஒன்று உண்டு. அது சின்னையாவின் கணக்கு. சோதனை ஓட்டத்தன்று அவரும் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் நின்று, பீடி அணைந்துபோனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் நிலத்துக்குள் இறங்கி, நான்கு மூலைகளுக்கும் நடந்தார். "வண்டி மூலையை வுட்டுட்டுப் போவுது பாரு" என்றார். உண்மைதான். டில்லர் திரும்பும் இடத்தில் மூலைமண் அப்படியே நின்றது. மாடும் மண்வெட்டியும் போகும் இடத்துக்கு எந்திரம் போகவில்லை. இன்றும் மூலைகளைக் கொத்தவும், பரம்படிக்கவும், மணிலாக் கொட்டையைச் சாலில் போட்டு விதைக்கவும் அவரையே அழைக்கிறோம். ஆயினும் முன்பு ஒரு போகத்துக்கு எங்களிடம் அவருக்குக் கிடைத்த ஆறு நாள் கூலி இப்போது இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. மற்ற நான்கு நாள் எங்கே போயிற்று என்றால், எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எந்திரத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஒன்று மட்டும் செய்தோம். டீசல் செலவும், தேய்மானத்துக்குச் சிறிது தொகையும் போக வேறு இலாபம் வைக்காமல், அவருடைய முக்கால் ஏக்கரையும் டில்லரால் உழுது கொடுக்கிறோம். முதல்முறை அவர் பணம் கொடுக்க வந்தபோது தந்தையார் வாங்க மறுத்தார். "கூலி வாங்காத வேலைக்கு மறுபடியும் கூப்பிட வாய் வராதுப்பா" என்று சொல்லி, பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார் அவர். அன்று முதல் வாங்கிக்கொள்கிறோம். சின்னையா இருக்கையில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அவருடைய மாடுகள் இன்னும் கொட்டகையில் இருக்கின்றன. அவை இருக்கும் வரை தமக்கு இது வேண்டாம் என்கிறார்.

அம்மாவின் சங்கிலி 2024 தை மாதம் மீண்டு வந்தது. கூட்டுறவுச் சங்கக் கடனை அடைத்தது ஒரே ஒரு பெரிய வருமானமன்று. தவறாமல் பருவத்தில் விழுந்த இரண்டு விதைப்பும், டிராக்டருக்குக் கொடுக்காமல் மிஞ்சிய வாடகையும், பால் காசும் சேர்ந்துதான். நிலத் தரகர் அதற்குப் பின் ஒருமுறை வந்தார். அம்மா கொல்லையில் டில்லருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, அம்முறை அவரே காபி போட்டுக் கொடுத்தார். நிலத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகியது. அலுவலகங்கள் வந்தன, கல்லூரிக்கு வரும் நம்மில் பலர் அவற்றில் ஒன்றில் நிழலில் உட்கார்ந்து பணிபுரிய விரும்புகிறோம். அது நல்ல விருப்பம்தான், எனக்கும் உண்டு. ஆனால் நம்மில் பாதிப்பேருக்கு வீட்டில் ஒன்றோ இரண்டோ ஏக்கர் இருக்கிறது; அதில் நின்றும் குனிந்தும் வேலை செய்யும் ஒரு தாய் இருக்கிறார். மாணவ நண்பர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் ஊரில் டில்லரோ களையெடுக்கும் கருவியோ வைத்திருப்பவர் யாரென்று கேளுங்கள். ஒரு நாள் அவரோடு கழனிக்குப் போங்கள். விலையைக் கேட்பதற்கு முன் பழுது பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள். பிறகு உங்கள் வரப்பின் அகலத்தை அளந்து பாருங்கள். கடைசியாக இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குவதாக முடிவு செய்தால், சோதனை ஓட்டத்தன்று அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் வரப்பிலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லக்கூடும். சட்டை ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது.